நீடிய பொறுமை: நம்ம வடசென்னை ஏரியா ஆட்களோடு நடந்ததைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்வரை நிற்பதையும், மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதையும் பொறுமைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே வேறு வழியில்லாமல் நிற்கிறோம். கலாத்தியர் 5:22-ல் ஆவியின் கனியாக வரும் நீடிய பொறுமை ஆட்களிடம் காட்ட வேண்டியது. திருப்பிப் பேச வாய் இருந்தும், பிடித்து உலுக்கக் கை இருந்தும் செய்யாமல் இருந்த சம்பவங்களைச் சொல்லுங்கள். யாரிடம், எவ்வளவு தூரம்? பெயர் வேண்டாம், உங்கள் ஏரியாவை மேலே போட்டு எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம். அது ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது.

காசிமேடு, மளிகைக் கடை

எங்கள் தெருவில் கடன் நோட்டு இல்லாமல் கடை நடத்த முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. முன்பு 45 நாள்தான், 2017-ல் கூட்டினார்கள். அரசு நிவாரணம் வரும், சரி. அரிசி, பருப்பு அதுவரை காத்திருக்காதே. தடை முடிந்த மறுநாளே பணம் புரளும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பிடித்த மீனை ஏலம் விட்டு, டீசல், ஐஸ் செலவைக் கழித்து, ஓனர் பங்கும் போன பிறகு மிஞ்சுவதைத்தான் படகில் போன ஆட்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். மீன் படவில்லை என்றால் கைக்கு ஒன்றும் வராது.

அப்படிப் படகுக்குப் போகிற ஒரு தம்பி. ஜூலை முடிந்தும் நோட்டில் அவன் பக்கம் அப்படியே இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. என் கடையைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று பின்தெரு வழியாகப் போக ஆரம்பித்தான். ஷாம்பு பாக்கெட் வாங்க அவன் மகள் வேறு கடைக்குப் போவதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. "வாசல்ல நின்னு நாலு பேர் பாக்கக் கேளுக்கா, அப்பதான் வரும்" என்றார்கள். சொன்னவர்களில் சபை ஆட்களும் உண்டு.

அந்த வாரம் குடும்ப ஜெபத்தில் மத்தேயு 18-ல் இயேசு சொன்ன கடன்காரன் உவமை வந்தது. பதினாயிரம் தாலந்து, அதாவது கட்டவே முடியாத தொகை, கடன்பட்டவன் ராஜாவிடம் "என்னிடத்தில் பொறுமையாயிரும்" என்று கெஞ்சித் தப்பிக்கிறான். வெளியே வந்தால், இவனுக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவன் அதே வார்த்தையைச் சொல்லி இவன் காலில் விழுகிறான். தொண்டையை நெரித்துக் கேட்ட இவன், அவன் கெஞ்சியும் விடாமல் சிறையில் போடுகிறான். அந்த நூறை ஏதோ சில்லறைக்காசு மாதிரி சொல்லிவிட்டுப் போகிற பிரசங்கம் நிறையக் கேட்டிருக்கிறேன். சில்லறை இல்லை. இரண்டு அதிகாரம் தள்ளி, 20-ல், திராட்சத்தோட்ட வேலைக்காரர்களுக்கு நாள் கூலியே ஒரு பணம், அதே ரோமக் காசுதான். அப்படிப் பார்த்தால் நூறு நாள் கூலி, நம்ம தடைக்காலத்தைவிட நீளம். எனக்கு அந்த உவமையில் பிடித்ததே இதுதான். உனக்கு வரவேண்டியது அற்பம், விட்டுத்தள்ளு என்று இயேசு சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் கடையை அடைத்துவிட்டு நோட்டோடு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். மொத்தத்தை அவனையே கூட்டச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிக் கூட்டினான், நான் போட்டிருந்ததைவிட இருபது ரூபாய் அதிகம் வந்தது. அவன் கணக்குதான் சரி. வாரம் எவ்வளவு முடியும் என்பதையும் அவனே சொல்லட்டும் என்று விட்டேன். ஐந்நூறு என்றான். "முடியாத வாரம் வந்து முடியலன்னு சொல்லு. பின்தெரு வழியா மட்டும் போகாத" என்றேன்.

இன்னும் தீரவில்லை. சில வாரம் இருநூறு வரும், சில வாரம் வெறும் கையோடு வந்து "இன்னைக்கு இல்லக்கா" என்று நிற்பான். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, கிழிக்கிற எண்ணமும் இல்லை. எனக்கும் மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பாக்கி இருக்கிறது.

பெரம்பூர்

நாங்கள் கத்தோலிக்கர், லூர்து மாதா கோயில் பங்கு. மாமனார் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இப்போது மறதி நோய். விடிவதற்கு முன்பே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டனை ஒரு துளை தள்ளிப் போட்டபடி, "டிபன் கேரியர் எங்க, சங்கு ஊதியாச்சா?" என்று கேட்பார். பதில் சொன்னால் தலையாட்டுவார், ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பார்.

"நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க மாமா" என்று சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. முகம் தொங்கிவிடும். அதனால் "இன்னைக்கு லீவு மாமா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இது பொய்யில் சேருமா என்று ஃபாதரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் விவிலியத்தில் சீராக் ஆகமம் உண்டு, உங்களில் பலர் வைத்திருக்கும் புராட்டஸ்டன்ட் பைபிளில் இருக்காது. 3-ஆம் அதிகாரத்தில், தந்தையின் அறிவு மங்கினாலும் பொறுமையாயிரு, உனக்குத் தெம்பு இருக்கிறது என்பதற்காக அவரை இகழாதே என்ற கருத்து வருகிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய புத்தகம். இப்படி ஒரு அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்தவர்தான் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அங்கே சொல்லியிருப்பது மகனுக்கு, மருமகளுக்கு இல்லை! வீட்டுக்காரருக்கு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அப்புறம் விடிகாலை முறை அவருடையதாகிவிட்டது. நான் ஆறு மணி வரை தூங்குகிறேன், அதனால் பகலில் எரிந்து விழாமல் இருக்க முடிகிறது.

வியாசர்பாடி

மேலே எழுதியவர்களுக்கு நன்றி. நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் தங்கையை அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். சபைப் பெரியவர்களிடம் போனால் 1 கொரிந்தியர் 13-ஐ விரித்து, அன்பு சகலத்தையும் தாங்கும், பொறுத்துப் போம்மா என்று அனுப்பினார்கள். கன்னத்தில் வீக்கத்தோடு உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னார்கள். அதே வேதத்தில் யோவான் 18 இருக்கிறது. பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது இயேசு சும்மா இருக்கவில்லை, நான் சொன்னதில் தப்பு இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, ஆனால் கேட்டார். அப்போஸ்தலர் 16-ல் பவுலும் அப்படித்தான். விசாரிக்காமல் ரோமக் குடிமக்களை அடித்துச் சிறையில் போட்டுவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புகிறீர்களா, நீங்களே வந்து எங்களை வெளியே கூட்டிப்போங்கள் என்று அதிகாரிகளை வரவைத்தார். அதற்கு முந்தின ராத்திரி அதே சிறையில் பாட்டுப் பாடியவர் அவர்தான்.

ராயபுரம்

சகோதரி, வேதனையாக இருக்கிறது. ஆனாலும் குடும்பம் பிரிந்துவிடக் கூடாதே? உபவாசம் இருந்து ஜெபித்தால் கர்த்தர் அவரை மாற்றுவார். எங்கள் சபையிலேயே சாட்சி இருக்கிறது.

வியாசர்பாடி

அண்ணா, ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தினமும் ஜெபிக்கிறோம், அவனுக்காகவும் சேர்த்து. அடி விழாத தூரத்தில் இருந்துகொண்டு ஜெபிக்கிறோம், அவ்வளவுதான். பெண்களுக்கான உதவி எண் 181-க்கு போன் பண்ணினோம், குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் இருந்தே இருக்கிறது என்பதுகூட எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தங்கையும் பிள்ளையும் இப்போது எங்கள் வீட்டில். அவன் குடியை விட சிகிச்சைக்குப் போகிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறான். அவள் அவனை விட்டுவிடவில்லை, டைம் கொடுத்திருக்கிறாள். திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், நானும் அவசரப்படுத்தவில்லை. உங்கள் சபையில் இப்படி யாராவது வந்தால் வசனத்தோடு அந்த 181 எண்ணையும் எழுதிக் கொடுங்கள் அண்ணா.