பிரேக்பாயிண்ட் செட்டிங்ஸ் பேனலில் போட்ட டிக் நிற்கவில்லை, உதவுங்கள்

இரவுநிரல்: அவசரம். டீபக்கர் (நிரலில் பிழை தேடும் கருவி) பிளகின் எழுதுகிறேன். லைன் பிரேக்பாயிண்டுக்குத் (ஓடும் நிரலை ஒரு வரியில் நிறுத்தும் குறி) தனி செட்டிங்ஸ் பேனல், அதில் ஒரு செக்பாக்ஸ். பேனல் சரியாக வருகிறது. ஆனால் டிக் போட்டு மூடி மறுபடி திறந்தால் டிக் இல்லை. எர்ரரும் இல்லை. ஏன்?

தும்பி: எந்த ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்)? எந்த மொழியில் எழுதுகிறீர்கள்? மூடித் திறந்தாலே போகிறதா, ஐடிஇயை ரீஸ்டார்ட் செய்தால்தான் போகிறதா?

பிழைதேடி: கேச்தான் (ஐடிஇ தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் தரவு). கேச் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

பழையகை: பேனல் கிளாஸில் சேவ்டூ (மதிப்பைச் சேமிப்பது), லோட்ஃப்ரம் (திரும்ப எடுத்துக் காட்டுவது) என்று இரண்டு மெத்தட் இருக்கின்றன. அவற்றை எழுதாமல் பேனல் வேலை செய்யாது. கேட்பதற்கு முன் ஒருமுறை படித்துவிட்டு வருவது நல்லது தம்பி.

இரவுநிரல்: இன்டெலிஜே, கோட்லின். இரண்டையும் எழுதியிருக்கிறேன். மூடித் திறந்தாலே போகிறது. கேச் அழித்தும் பார்த்தாயிற்று.

தும்பி: கோட்லின் என்றதும் சந்தேகம் வருகிறது. உங்கள் பிரேக்பாயிண்ட் டைப்பில், மதிப்புகளை வைக்கும் ஆப்ஜெக்டை உருவாக்கும் கிரியேட்பிரேக்பாயிண்ட்பிராப்பர்ட்டீஸ் எதைத் திருப்பித் தருகிறது? நல் (எதுவும் இல்லாத வெற்று மதிப்பு) தந்தால் மதிப்பை வைக்க இடமே கிடையாது. சேவ்டூவுக்குள் கேள்விக்குறி, புள்ளி போட்டு எழுதியிருந்தால் அந்த வரி சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஜாவாவாக இருந்தால் நல் பாயிண்டர் எக்செப்ஷன் வந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

உறுதி செய்ய, ப்ராஜெக்டின் ஐடியா ஃபோல்டரில் ஒர்க்ஸ்பேஸ் எக்ஸ்எம்எல்லைத் திறந்து உங்கள் பிரேக்பாயிண்டைத் தேடுங்கள். அதன் கீழ் பிராப்பர்ட்டீஸ் என்ற பகுதியில் உங்கள் மதிப்பு இருக்கிறதா பாருங்கள். அப்புறம், பிராப்பர்ட்டீஸ் கிளாஸில் ஃபீல்டை வால் (மாற்ற முடியாதது) என்று வைக்காதீர்கள், வார் (மாற்றக்கூடியது) ஆக இருக்கட்டும். மதிப்பை ஃபைலில் வைக்கவும் திரும்பப் படிக்கவும் உதவும் கெட்ஸ்டேட், லோட்ஸ்டேட் இரண்டும் ஒழுங்காக இல்லையென்றால் ரீஸ்டார்டில் மறுபடி போய்விடும்.

பிழைதேடி: இவ்வளவு பாடு எதற்கு? டிஏபி (எடிட்டரும் டீபக்கரும் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை) அடாப்டர் ஒன்று எழுதினால் போதும். கண்டிஷன், ஹிட் கண்டிஷன் (எத்தனையாவது முறை நிற்பது), லாக் மெசேஜ் மூன்றும் அதிலேயே உண்டு. டிஏபி தெரிந்த எந்த எடிட்டரிலும் ஓடும்.

பழையகை: அந்த மூன்றைத் தாண்டி ஒரு செக்பாக்ஸ் வேண்டுமென்றால் டிஏபியில் எங்கே வைப்பீர்கள்?

பிழைதேடி: பிரேக்பாயிண்ட் மோட் என்று ஒன்று இருக்கிறதே.

பழையகை: அது அடாப்டர் முன்கூட்டியே சொல்லும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. நாமே இஷ்டப்படி சேர்க்கும் செக்பாக்ஸுக்கு அது ஈடாகாது.

பிழைதேடி: பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அந்தப் பெட்டி தேவையே இல்லை. ஒரு எடிட்டரோடு கட்டிப்போடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தும்பி: அதற்குத் தனி இழை தொடங்கலாமே. இவர் கேட்டது வேறு.

இரவுநிரல்: நல்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது டிக் நிற்கிறது, நன்றி தும்பி. ஆனால் டீபக் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் பழைய மதிப்பிலேயே நிற்கிறது.

தும்பி: மதிப்பு மாறியது ஓடும் டீபக் செஷனுக்குத் தெரியவில்லை. சேவ்டூவில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும், மாற்றத்தை அறிவிக்கும் ஃபயர்பிரேக்பாயிண்ட்சேஞ்ச்டு மெத்தடை அழையுங்கள். ஜாவா டீபக்கரின் சொந்தப் பேனல்களும் அப்படித்தான் செய்கின்றன. அழைத்ததும் செஷன் உங்கள் பிரேக்பாயிண்ட் ஹேண்ட்லரில் அன்ரிஜிஸ்டர் (நீக்கு), ரிஜிஸ்டர் (சேர்) என்று வரிசையாக ஓட்டும். ரிஜிஸ்டரில் பிராப்பர்ட்டீஸைப் படித்து உங்கள் ரன்டைமுக்கு (நிரலை ஓட்டும் பகுதி) அனுப்புகிறீர்களா? அந்தப் பகுதி கோடைப் போடுங்கள், பார்க்கலாம்.

புதுவரவு: எனக்கும் இதே சிக்கல். அந்த ஃபயர்பிரேக்பாயிண்ட்சேஞ்ச்டு மெத்தட் எக்ஸ்பிரேக்பாயிண்ட்பேஸில் அல்லவா இருக்கிறது? அது ஐடிஇயின் உள்வேலைக்கான இம்ப்ளிமென்டேஷன் கிளாஸ். காஸ்ட் (டைப்பை மாற்றி எடுப்பது) செய்யாமல் வேறு வழி உண்டா?

தும்பி: ஜாவா பேனல்களிலும் காஸ்ட்தான். இரவுநிரல், கோட் எங்கே?