மணப்பெண் க்ளோசப்: ரீடச் செய்தால் முகம் பிளாஸ்டிக் ஆகிறது, என்ன காரணம்?

வெண்திரை:
24 மெகாபிக்சல் ரா கோப்பு, முகம் ஃப்ரேமை நிறைக்கும் க்ளோசப். லைட்ரூமில் ஆரஞ்சு லூமினன்ஸ் (நிறத்தின் வெளிச்சம்) +30, சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) −15. பிறகு போட்டோஷாப்பில் 16 பிட்டில் ஃப்ரீக்வென்சி செபரேஷன் (தோலின் சொரசொரப்பை மேல் லேயரிலும், நிறத்தையும் நிழலையும் கீழ் லேயரிலும் பிரிப்பது), அதற்குக் காஷியன் பிளர் 3 பிக்சல். கீழ் லேயரில் கன்னத்தையும் நெற்றியையும் லாஸோவால் (பகுதியை வளைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவி) வளைத்து 40 பிக்சல் பிளர். மொபைலில் பளிச்சென்று இருக்கிறது. 12×36 அங்குல ஆல்பத்தில் மெழுகு பொம்மை. நிறமும் சாம்பல் பூத்திருக்கிறது. எங்கே தப்பு?

கரிநிழல்:
இரண்டும் வேறு வேறு கோளாறு.

க்ளோசப்புக்கு 3 பிக்சல் போதாது. தோலின் சொரசொரப்பில் பாதி கீழ் லேயரிலேயே தங்கிவிடும். அதன்மேல் 40 பிளர் போட்டால் கரைந்துபோகாமல் என்ன செய்யும்? சொரசொரப்பு கண்ணுக்கு மறையும் வரை பிளர் ரேடியஸை ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். இந்த அளவு முகத்துக்கு 8–10 வரும், இடுப்பளவுப் படத்துக்கு 4–5. ரொம்ப ஏற்றினாலும் வம்புதான்: நிழல் விளிம்பு மேல் லேயருக்குப் போய்விடும், ஹீலிங் பிரஷ் (பரு, தழும்பை அழிக்கும் கருவி) தொட்ட இடமெல்லாம் திட்டு விழும். மேல் லேயரைப் பிரித்தெடுக்கும் அப்ளை இமேஜில் 16 பிட்டுக்கு ஆட், இன்வர்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. 8 பிட் என்றால் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. லாஸோவுக்கு ஃபெதர் (விளிம்பை மென்மையாக்கும் அளவு) 15–20 பிக்சல் கட்டாயம். மூக்கோரம், தாடைக்கோடு என்று வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தைத் தாண்டி வளைக்காதீர்கள், முகத்தின் மேடுபள்ளமே போய்விடும்.

சாம்பலுக்குக் காரணம் லைட்ரூம். மாநிறத் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் இருக்கிறது. அதை வெளுத்து, சாச்சுரேஷனையும் பிடுங்கினால் வேறென்ன மிஞ்சும்? இரண்டையும் பூஜ்யமாக்கி, முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷர் +0.3 கொடுங்கள். “கொஞ்சம் கலரா காட்டுங்க” என்று கேட்கும் வீட்டாருக்கும் பெரும்பாலும் அதுவே போதும்.

சாம்பல்அட்டை:
செபரேஷனே வேண்டாம் என்பேன். பருவை ஹீலிங்கில் எடுத்துவிட்டு, 50% சாம்பல் நிரப்பிய சாஃப்ட் லைட் லேயரில் டாட்ஜ்-பர்ன் (பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பது, கருப்பது), பிரஷ் ஃப்ளோ (ஒரு தடவலில் படியும் அளவு) 1–2%. மேலே தற்காலிகமாக ஒரு கருப்பு-வெள்ளை லேயர் வைத்தால் திட்டுகள் தெளிவாகத் தெரியும்.

கரிநிழல்:
அட்டைப்படத்துக்குச் சரி. ஆல்பம் முழுக்க அப்படிச் செய்தால் கட்டுப்படியாகாது.

வெண்திரை:
நன்றிங்க. தாடைக்கடியில் சிவப்படிக்கிறதே, அதை எப்படி எடுப்பது?

சாம்பல்அட்டை:
சிவப்புப் பட்டின் எதிரொளிப்பு அது. ஒயிட் பேலன்ஸில் சரிசெய்யப் போனால் முகம் முழுக்க நிறம் மாறும். லைட்ரூமில் சிவப்பைக் குறைத்தால் குங்குமமும் புடவையும் செத்துவிடும். ஹ்யூ-சாச்சுரேஷன் லேயரில் ரெட்ஸ் மட்டும் எடுத்து ஹ்யூ (நிறச்சாயல்) +8, சாச்சுரேஷன் −15. மாஸ்க்கைக் கருப்பாக்கி, கழுத்தில் மட்டும் வெள்ளை பிரஷ், ஃப்ளோ 20%. முழுக்க எடுத்துவிடாதீர்கள். கீழே அத்தனை சிவப்பு இருக்க, கழுத்தில் துளியும் இல்லையென்றால் முகம் தனியே ஒட்டவைத்ததாகத் தெரியும்.