பன்றிக்கு மின்வேலி வேண்டாம், சீமைக்கருவையை வெட்டுவோம்

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

காட்டுப்பன்றித் தொல்லைக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மின்வேலி அமைத்துக் கொடுக்கலாம் என்று குவைத் தம்பி எழுதியதற்குப் பலரும் சரி என்று பதில் போட்டிருக்கிறீர்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் வெளியூரில் இருக்கும் நாம் போட்டுச் சேர்த்த ஊர்ச் சங்கப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காரணத்தை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு வந்தவர்கள் பனங்கிழங்குப் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். கிழங்கு பிடுங்கும் பருவத்தில் ஒரே ராத்திரியில் பன்றிகள் பாத்தியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. கண்மாய்க்குக் கீழே கடலை போட்டிருந்த அத்தைக்கு விதைக்கடலைகூட மிஞ்சவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த யாருக்கும் உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

மின்வேலியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சூரியத் தகடும் பேட்டரியும் வைத்து, நொடிக்கு ஒருமுறை, அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, விட்டு விட்டு மின்சாரம் பாய்கிற மாதிரிக் கருவி பூட்டியது. தொட்டால் உதறித் தள்ளும், உயிர் போகாது. இன்னொன்று, பம்புசெட் லைனிலிருந்து கட்டுக்கம்பியை நேராக இழுத்து வரப்பைச் சுற்றி விடுவது. அது கொன்றுவிடும். முதல் வகைக்குச் செலவு அதிகம். புல் வளர்ந்து கம்பியில் பட்டாலே வேகம் குறைந்துவிடும், தினமும் ஒரு ஆள் சுற்றிவந்து பார்க்க வேண்டும். ஊரில் இருப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், அதை யார் செய்வது? கடைசியில் கை போவது இரண்டாவது வகைக்குத்தான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் பன்றிக்காக இப்படி இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாய் பக்கத்திலேயே நின்றன. நம் பக்கம் யானை இல்லை. ஆனால் ராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் மோட்டார் போட வரப்பில் நடந்து போவது நம் சித்தப்பாக்களும் மாமாக்களும்தானே? அதே 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. திருட்டுக் கம்பியில் யாராவது செத்தால் போட்டவர் சிறைக்குப் போவார், பணம் கொடுத்தவர்கள் வெளிநாட்டில் உட்கார்ந்திருப்போம்.

அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி, வைக்கலாம் என்று ஒருவர் எழுதியதை நான் படிக்காததாகவே வைத்துக்கொள்கிறேன். 2020 மே மாதம் பாலக்காட்டில் வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையின் படம் எல்லோர் கைபேசிக்கும் வந்தது. நம் ஊரில் அதைக் கடிக்கப்போவது மேய்ச்சல் மாடும் தெருநாயும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பன்றி எங்கிருந்து வருகிறது? நம் ஊரைச் சுற்றிக் காடு கிடையாது. காப்புக்காட்டைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிப் போக வேண்டும். பகலில் அவை படுத்திருப்பது வடக்குத் தெரு வீடுகளின் கொல்லைகளில், கண்மாய் உள்வாயில், நாம் விதைக்காமல் விட்ட புஞ்சைகளில். அதாவது சிங்கப்பூரிலும் துபாயிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற நம் பட்டா நிலத்தில். விறகுக்காகப் பரப்பப்பட்ட சீமைக்கருவை, வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்ததும் வெட்ட ஆளில்லாமல் கூரை மாதிரி மூடிக்கொண்டது. வெயில் படாத நிழல், மனிதர் நுழைய முடியாத முள், புரளச் சேறு, எட்டிய தூரத்தில் கிழங்கும் கடலையும். ஒரு ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டி, சிலசமயம் அதற்கும் மேலே. சினைக்காலம் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். நரி இருந்த காலத்தில் குட்டிகளில் சிலவற்றை அது தூக்கிப்போகும் என்பார் அப்பத்தா. நரி ஊளை கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்த நிலையில் ஊரில் உழுதுகொண்டிருக்கும் ஐந்தாறு பேருடைய வயலைச் சுற்றிக் கம்பி கட்டுவதில் என்ன நியாயம்? நிலத்தைப் போட்டுவிட்டுப் போனவர்கள் நாம். உழுகிறவர்கள் வேலிக்குள் போக வேண்டுமாம்.

கருவையை ஏன் யாரும் வெட்டுவதில்லை என்று நமக்குள் ஒளிக்காமல் பேசலாம். பாதி நிலம் கூட்டுப்பட்டா. ஒரு பங்காளி வெட்டினால் மரம் விற்ற காசு யாருக்கு என்று மற்றவர் கேட்பார். வெட்டி உழுதவர் நாளைக்கு அனுபவ பாத்தியம், அதாவது இத்தனை காலம் உழுததால் நிலம் எனக்கே என்று, பேசுவாரோ என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் தவறென்று நான் சொல்லவில்லை. அதற்கு வழி, எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம்: சுத்தம் செய்ய மட்டும் சம்மதம், உரிமை எதுவும் மாறாது, மரம் விற்ற பணம் தூர் பிடுங்கும் செலவுக்குப் போகும் என்று. நம்மில் வக்கீல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும்.

கரிமூட்டம் போடுகிறவர்கள் பெரிய மரத்தைக் காசு கொடுத்தே வெட்டிப் போவார்கள். அதோடு விட்டுவிட்டால் மழை விழுந்ததும் தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்க வேண்டும், அதற்குப் பிறகு கோடை மழைக்கு ஒரு உழவு போட வேண்டும். சங்கப் பணம் போக வேண்டியது இங்கேதான். பனை, நாட்டுக்கருவேலம், வேம்பு எதிலும் கை வைக்கக் கூடாது என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தீ வைக்கவே கூடாது.

வேலையை மாசி, பங்குனிக்குள் முடித்தால் நல்லது. நம் பக்கம் மயில் அதிகமாக முட்டையிடுவது சித்திரை, வைகாசி வாக்கில், அதுவும் இதே புதருக்குள். மிளகாய் நாற்றையும் விதை நெல்லையும் மயில் கொத்துவது உண்மை, ஓட்டு வீடுகளில் ஓடு நகர்த்துவதும் உண்மை. ஆனால் 1963 முதல் அது தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. விஷம் வைத்தால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. அது முருகன் வாகனம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. புதர் குறைந்தால் மயிலும் பரவிப் போகும், நாற்றங்காலுக்கு வலை போதும்.

பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டதே என்று கேட்டவர்களுக்கு: 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இடங்களில் சுடலாம், ஆனால் வனத்துறையினர் மட்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடவே முடியாது. 1 முதல் 3 வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். நம் ஊர் 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வகையில் வருகிறது. கிராம நிர்வாக அலுவலர் வழியாக ஊர்ப் பெயரில் மனு கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும். பயிர்ச் சேதத்தைப் படம் பிடித்து வைத்தால் இழப்பீட்டு மனுவுக்கும் உதவும். ஆனால் புதர் அப்படியே இருந்தால் சுட்ட இடத்தை அடுத்த கூட்டம் நிரப்பிவிடும்.

அதுவரை வயலைச் சுற்றிப் பழஞ்சேலை கட்டுவது தொடரட்டும். கடலையைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு நெருக்கமாகப் போடச் சொல்லி அத்தையிடம் பேசியிருக்கிறேன். ஆமணக்கைப் பன்றி தின்னாது, அதன் வாடையில் கடலை வாசனையும் மட்டுப்படும். விதை வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை.

பூட்டிய வீட்டில் பாம்பு பற்றிக் கேட்ட மதினிக்கு ஒரு வார்த்தை. எலி இருக்கும் இடத்துக்குத்தான் பாம்பு வரும். பழைய நெல் மூட்டையையும் சுவரோடு அடுக்கிய ஓடு, விறகையும் அப்புறப்படுத்துங்கள். சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை போடுங்கள். உள்ளே பாம்பு தெரிந்தால் அடிக்க வேண்டாம், தீயணைப்புத் துறைக்குச் சொன்னால் வந்து பிடித்துப் போவார்கள். காவலுக்குப் படுக்கும் பெரியவரைத் தரையில் படுக்கவிடாதீர்கள், கட்டிலும் கொசுவலையும் வாங்கிக் கொடுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்ததே தெரியாது. கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம், பச்சிலைக்கும் போக வேண்டாம். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பக்கத்தில் இல்லையென்றால் நேராகச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

ஒவ்வொருவரும் தங்கள் நிலத்தின் சர்வே எண், உட்பிரிவு, கூட்டுப்பட்டாவில் வேறு யார் யார் பெயர் இருக்கிறது என்பதை இந்த மடலுக்குப் பதிலாக எழுதுங்கள். வடக்குத் தெரு, கண்மாய்க்கரை நிலங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன். என் அப்பா பெயரிலும் பெரியப்பா பெயரிலும் இருக்கிற கண்மாய்க்கரைப் புஞ்சைக்கு அண்ணன் தம்பிகள் நால்வரும் சம்மதம் கொடுத்தாயிற்று. மாசி பிறந்ததும் முதல் தூர் அங்கே எடுக்கலாம்.

அன்புடன்,
கண்மாய்க்கரை வீட்டு இளையவன்
சிங்கப்பூர்