ஓரிரவு மலைநடைக்கு எத்தனை லிட்டர் பை? உறுப்பினர்களின் அனுபவங்கள்

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

வெள்ளியங்கிரிக்குப் பருவம் தவறாமல் போகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். பையின் அளவை எத்தனை நாள் பயணம் என்பது தீர்மானிப்பதில்லை. அன்றைய இரவை எங்கே, எப்படிக் கழிக்கப் போகிறோம் என்பதே தீர்மானிக்கிறது. பூண்டி அடிவாரத்தில் இரவில் புறப்பட்டு, ஏழாவது மலையில் விடியற்காலையில் தரிசனம் முடித்து, வெயில் ஏறுவதற்குள் பாதி தூரமாவது இறங்கிவிடுவதுதான் அங்கே பலரின் வழக்கம். இரவு முழுவதும் மலையில்தான் இருக்கிறோம், ஆனால் படுக்கை விரிப்பதில்லை.

சென்ற பருவத்தில் மூன்றாவது மலையில் ஓர் இளைஞர் தம் பையைப் பாறைமேல் சாய்த்துவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அறுபது லிட்டர் பை. உள்ளே ஸ்லீப்பிங் பேக், மாற்றுடை இரண்டு செட், அடுப்பு கூட இருந்ததாகச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் மூங்கில் தடி ஊன்றி வந்த பெரியவர் ஒருவர் அந்தப் பையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சாமி, மேல குடி போறீங்களா?" என்று கேட்டார். அவர் தோளில் ஒரு மஞ்சள் துணிப்பை மட்டும் தொங்கியது: ஒரு கம்பளி, துண்டு, கற்பூரம், பொரிகடலை, டார்ச்சு. வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை போன்ற நீர்நிலைகள் இருப்பதால் தண்ணீரைக்கூட அவர் ஒரு பாட்டிலுக்கு மேல் சுமக்கவில்லை. துணிப்பையை நான் பரிந்துரைக்கவில்லை. செங்குத்தான படிகளில் இரண்டு கையும் விடுபட்டிருப்பது நல்லது. ஆனால் இருபது லிட்டர் முதுகுப்பை அங்கே தாராளம். உச்சியில் காற்று குளிர்ந்து வீசும் என்பதால், அதில் ஏறக்குறைய பாதி இடம் ஸ்வெட்டருக்கும் காற்றுத்தடுப்பு மேலாடைக்கும் போய்விடும்.

நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

கோவை நண்பர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தங்குமிடம் உள்ள மலைநடையைப் பற்றி நான் சேர்க்கிறேன். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறையின் அனுமதியோடு போனக்காட்டிலிருந்து நடந்தால், முதல் நாள் மாலை அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். முகாமில் கூரை உண்டு, கஞ்சி கிடைக்கும். ஆகவே கூடாரமும் அடுப்பும் வேண்டியதில்லை. நானும் என் தங்கையும் சென்றபோது ஆளுக்கு முப்பது லிட்டர் பை எடுத்தோம். மெல்லிய ஸ்லீப்பிங் பேக், மாற்றுடை, சிற்றுண்டி, மருந்து, இரண்டு லிட்டர் தண்ணீர் எல்லாம் அடங்கின. உச்சி ஏறும் நாளில் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் வரும். அங்கே முதுகில் பெரிய பை இருந்தால் பின்னால் இழுக்கும். எனவே உள்ளங்கையளவு மடியும் சிறு பை ஒன்றைப் பெரிய பைக்குள் போட்டுக்கொண்டு போவதும், பெரியதை முகாமில் வைத்துவிட்டுத் தண்ணீரும் மழையங்கியும் மட்டும் சுமந்து ஏறுவதும் நல்ல ஏற்பாடு.

எங்கள் குழுவில் வந்த ஒருவர், பையில் இடமில்லாததால் ஃபோம் பாயைச் சுருட்டிக் குறுக்காக வெளியே கட்டியிருந்தார். முகாமைத் தாண்டியதும் வரும் ஈற்றை எனும் மெல்லிய மூங்கில் காட்டில் அந்தப் பாய் இருபுறமும் தண்டுகளில் மாட்டிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் நின்று, பக்கவாட்டில் திரும்பி, அதை விடுவித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. ஒற்றையடிப் பாதையில் அவர் நின்றால் பின்னால் வருபவர் அனைவரும் நிற்க வேண்டும். வெளியே கட்டுவதாக இருந்தால் பையின் அகலத்தை மீறாமல் நெடுக்காகக் கட்டுவதே சரி.

கடையில் பலரும் லிட்டரை மட்டுமே கேட்கிறார்கள். முதுகின் நீளத்தைக் கேட்பதில்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்திக்கொண்டு தெரியும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரையுள்ள தூரமே அந்த நீளம். என் தங்கை என்னைவிட உயரமானவள். ஆனால் அவள் உயரம் கால்களில் இருக்கிறது, முதுகு என்னுடையதைவிடக் குட்டை. என் பையை மாட்டிப் பார்த்தபோது இடுப்புப் பட்டை அவளுக்குத் தொடைப்பக்கம் இறங்கி, சுமை முழுவதும் தோளில் விழுந்தது. பட்டை இடுப்பெலும்பின்மேல் உட்கார்ந்தால்தான் சுமையின் பெரும்பகுதி காலுக்கு இறங்கும். எனவே வார்களின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பையாகப் பார்த்து வாங்கினோம். பையின் சீட்டில் எஸ், எம், எல் என்று இருப்பது பெரும்பாலும் இந்த முதுகு நீளத்தைக் குறிப்பதே, கொள்ளளவை அல்ல.

பெங்களூருவிலிருந்து ஓர் உறுப்பினர்:

கூரையும் கஞ்சியும் கிடைக்கும் மலைகள் கொடுத்துவைத்தவை. குக்கே சுப்ரமண்யாவிலிருந்து குமார பர்வதம் ஏறியபோது பாதி வழியில் பட்டர் மனை என்ற வீட்டில் சோறும் சாம்பாரும் மோரும் கிடைத்தன. ஆனால் கூடாரத்தை நாங்களே சுமந்தோம். அங்கே தங்கும் விதிகள் மாறிவருவதால், போகிறவர்கள் முதலில் வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. கூடாரம் சேர்ந்துவிட்டால் முப்பது லிட்டர் போதாது. ஆனால் கூடாரத் துணி ஒருவர் பையிலும் கம்பிகளும் மேல்விரிப்பும் மற்றவர் பையிலுமாகப் பிரித்துக்கொண்டபோது, எங்களுக்கு நாற்பது லிட்டர் பை சரியாக இருந்தது. ஐம்பதுக்கு மேல் வாங்குவது ஓரிரவுக்கு வீண் என்பது என் கருத்து. இடம் இருந்தால் எதையாவது போட்டு நிரப்பத்தான் மனம் வரும். அதோடு, பெரிய பைகளில் பல காலியாக இருக்கும்போதே ஒன்றரை, இரண்டு கிலோ எடை இருக்கும்.

வாங்குவதற்கு முன் நான் எல்லோரையும் செய்யச் சொல்வது இதுதான். கொண்டுபோகும் பொருள்கள் அனைத்தையும் வீட்டிலுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் இடைவெளியில்லாமல் அடுக்குங்கள். நீளம், அகலம், நிரம்பிய உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 40, 30, 30 என்றால் 36 லிட்டர். அதற்கு மேல் நான்கைந்து லிட்டர் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். இறங்கும்போது ஈரத்துணியும் குப்பையும் அதிகப்படியாகச் சேரும். செயற்கைப் பஞ்சு நிரப்பிய ஸ்லீப்பிங் பேக்கை இறுக்கிச் சுருட்டினாலும் பத்து லிட்டர் அளவுக்கு இடம் பிடிக்கக்கூடும். பெட்டி பெரிதாக வந்தால் முதலில் ஸ்லீப்பிங் பேக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும், முதுகுப்பையை அல்ல.

எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஓரிரவு மலைநடையில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்குத் தண்ணீரையும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ. குமார பர்வதத்தில் நிழலற்ற புல்வெளி ஏற்றம் நெடுந்தூரம் வருவதால் மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்தோம். அதுவே மூன்று கிலோ.

கோவை உறுப்பினர் மீண்டும்:

பெட்டிக் கணக்கு நன்றாக இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சில நிறுவனங்கள் பக்கப் பைகளையும் மேல்மூடிப் பையையும் சேர்த்தே லிட்டர் கணக்குச் சொல்கின்றன, சில சொல்வதில்லை. நாற்பது என்று எழுதியிருக்கும் இரண்டு பைகளுக்குள் உங்கள் பெட்டியிலுள்ள அதே பொருள்கள் ஒரே மாதிரி அடங்காது. முடிந்தால் பொருள்களையே கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டு, இடுப்புப் பட்டையை மாட்டிப் பத்து நிமிடம் கடைக்குள் நடந்து பாருங்கள். நான் போன கடையில் அதற்காகவே மணல் மூட்டைகள் வைத்திருந்தார்கள்.