காவடிப் பாடல்களுக்கு வன்பொருள் சிந்தசைசரா, மென்பொருளா?

கேள்வி – டர்பன் இசையார்வலர்:
அன்பர்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பஜனைக் குழு தைப்பூசக் காவடிக்குப் பாடும்போது தம்புரா ஒலியும், நாகசுரத்தை ஒத்த குழைவும் தேவைப்படுகின்றன. மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரைத் தனிக் கருவியாக வாங்குவதா, மடிக்கணினியில் அதே வேலையைச் செய்யும் மென்பொருளை நிறுவுவதா?

மறுமொழி – பழைய கீபோர்டு வாசிப்பாளர்:
சுரத்தைக் குழைக்கும் கமகம்தான் உங்களுக்கு முதன்மை என்றால் தனிக் கருவியையே பரிந்துரைப்பேன். 1970இல் வெளிவந்த மினிமூக் சிந்தசைசர் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். ஆயினும் சுரத்தை ஏற்றி இறக்கும் அதன் பிட்ச் சக்கரமும், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் நம் இசைக்கு மிகவும் இசைவானவை. விரல் திருகிய கணமே ஒலி மாறும் அந்த உறவைக் கணினிச் சுட்டியால் (மவுஸ்) பெற இயலாது.

மறுமொழி – ஒலிப்பதிவாளர்:
ஐயா கூறுவது மின்சுற்றுகளாலேயே ஒலியை உருவாக்கும் அனலாக் கருவிகளுக்குப் பொருந்தும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் போன்றவை எண்முறைக் கணக்கீட்டாலேயே ஒலியை உருவாக்குவதால், அதே கணக்கீட்டை மென்பொருளும் ஏறத்தாழ அப்படியே செய்துவிடுகிறது. வாசிப்பதைக் கணினிக்குத் தெரிவிக்கும், பிட்ச் சக்கரமுள்ள மிடி கீபோர்டை இணைத்தால் சுட்டியே தேவையில்லை. ஆனால் விசையை அழுத்தியபின் ஒலி வர ஆகும் தாமதத்தைக் கவனியுங்கள்: வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற வீதத்தில் (44,100 ஹெர்ட்ஸ்), கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் மாதிரிகளின் எண்ணிக்கையான பஃபரை 128 ஆக வைத்தால் ஏறத்தாழ 3 மில்லிவினாடி, 1,024 ஆக வைத்தால் 23 மில்லிவினாடி; பின்னது மிருதங்கத்தோடு சேராது.

மறுமொழி – டர்பனின் பீனிக்ஸ் பகுதி வாசகர்:
மின்வெட்டையும் எண்ணிப் பாருங்கள்; மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு, பெரும்பாலான தனிக் கருவிகளுக்கு இல்லை.