பூச்சி தின்னும் பூச்சிகளையும் பறவைகளையும் வயலில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து:

எங்கள் ஊரில் சம்பா நெல்லுக்குப் பெரிய பயம் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சிதான். பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் நடுவே வட்ட வட்டமாகக் காய்ந்து, தீய்ந்துபோன மாதிரி ஆகிவிடும். அப்பா காலத்திலேயே எங்கள் வயலுக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்திவிட்டோம். அக்கம்பக்கத்தில் புகையான் விழுந்த வருடங்களிலும் எங்களுக்குப் பெரிய சேதம் வந்ததில்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் வரப்பில் நின்று பார்த்தால் போதாது. வயலில் இறங்கி, தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாருங்கள். புகையான் உட்காரும் இடம் அதுதான், அதைப் பிடிக்க ஓநாய் சிலந்தி ஓடித் திரிவதும் அங்கேதான். அது வலை கட்டாது, துரத்திப் பிடிக்கும். மிரிட் நாவாய்ப்பூச்சி என்று இன்னொன்று உண்டு. பச்சையாக, மெலிசாக இருக்கும். புகையானின் முட்டையை உறிஞ்சிக் குடிப்பது அதன் வேலை.

மருந்து அடித்தால் முதலில் சாவது இந்த இரண்டும்தான். புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைப்பதால் அது தப்பித்துக்கொள்ளும். சில நாளில் குஞ்சு பொரித்து வெளியே வந்தால் தடுக்க ஆளே இருக்காது. மருந்து அடித்த வயலில் புகையான் முன்பைவிட அதிகமாக வருவது இதனால்தான். இந்தோனேசியாவில் இதே காரணத்துக்காக 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை அரசே தடை செய்தது. நம் கடைக்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போடுகிறோம். வீட்டுக்குப் பயறு கிடைக்கும் என்பது ஒன்று. இலைச்சுருட்டுப்புழு, குருத்துப்பூச்சி இவற்றின் முட்டைக்குள்ளேயே முட்டையிடும் கடுகளவுகூட இல்லாத குளவிகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பூந்தேன் வேண்டும் என்பது இன்னொன்று. நெற்பூவில் தேன் கிடையாது, வரப்பில் பூத்தால்தான் உண்டு. தட்டைப்பயறில் அசுவினி ஏறினாலும் நான் கவலைப்படுவதில்லை, அதைத் தின்னப் பொறிவண்டு வந்துவிடும்.

அப்புறம் கூகை. எலித் தொல்லைக்காக வயலில் உயரமான கழி நட்டு, மேலே குறுக்குக்கட்டை கட்டி வைத்திருக்கிறோம். பகலில் இரட்டைவால் குருவி உட்கார்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கும், இரவில் கூகை வரும். எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் அது உருண்டையாகக் கக்கும். கழிக்கு அடியில் கிடக்கும் அந்த உருண்டையை உடைத்துப் பார்த்தால் எலி மண்டையோடு இருக்கும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். கூகை கத்தினால் சாவு விழும் என்று அத்தை இன்னும் முணுமுணுப்பார். ஆனால் இந்த உருண்டையைப் பார்த்த பிறகு அதை யாரும் கல்லெறிந்து விரட்டுவதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கூகை வரும் வயலில் எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் அதுவும் சாகும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து எலிக் கிட்டியே போதும், மூங்கிலில் செய்த பொறி அது.

பொள்ளாச்சியிலிருந்து:

அண்ணன் நெல்லுக்குச் சொன்னது தென்னைக்கும் அப்படியே பொருந்துகிறது. 2016-இல் சுருள் வெள்ளை ஈ இந்தப் பக்கம் வந்தபோது தோப்பே பயந்து போனது. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு, அதிலிருந்து சொட்டும் பிசுக்கில் கீழ் ஓலை, ஊடுபயிர் எல்லாம் கரும்பூசணம் பிடித்துக் கறுத்துப்போகும். பலர் வேரில் மருந்து கட்டினார்கள். எங்கள் தோப்பில் கட்டவில்லை. என்கார்சியா என்ற குட்டிக் குளவி வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும், அப்படி முட்டையிட்ட கூட்டுப்புழு கறுப்பாக மாறிவிடும். கறுப்புக் கூட்டுப்புழு நிறைய இருக்கிற ஓலையைத் துண்டாக வெட்டி, குளவி இல்லாத மரத்து ஓலையில் குத்திவிட்டோம். ஊடே வாழையும் கல்வாழையும் இருப்பதால் குளவி தங்க இடம் உண்டு. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டோம், ஓலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம். ஈ அடியோடு போய்விடவில்லை. கோடையில் ஏறும், மழையில் இறங்கும். ஆனால் மரம் நிற்கிறது, மருந்துச் செலவும் இல்லை.

காங்கேயம் பக்கத்திலிருந்து:

நான் கொரங்காட்டுக்காரன், வேலி போட்ட மேய்ச்சல் காடு அது. கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே மாடு. இதுதான் எங்கள் காடு. இந்த வேலியைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். கிளுவை வேலி என்றால் முள் மட்டும் இல்லைங்க. அதற்குள் ஓணான், கீரி, சாரைப்பாம்பு, கவுதாரி, கதிர்க்குருவிக் கூடு எல்லாம் இருக்கும். இப்போது வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுகிறார்கள். பராமரிக்க ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேலி போன இடத்தில் கீரியும் நரியும் போய்விட்டன. மயில் முட்டையைத் தின்பவை அவைதான். மயில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

மயிலால் எங்களுக்கு நிஜமாகவே நட்டம். விதைத்த பயறைக் கிளறித் தின்னும், தக்காளியைக் கொத்திப் போடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பல்லுயிர் என்று பேசும்போது உழவன் கொடுக்கும் இந்த விலையையும் சேர்த்துப் பேசுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எங்கள் காட்டில் கம்பி போட்ட ஒரு பக்கத்தில் மழைக்கு முன்னே கிளுவைப் போத்து நட்டிருக்கிறோம். கம்பி உள்ளே, கிளுவை வெளியே. பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டது. பயறு விதைத்த காட்டில் முளை வரும் வரைக்கும் மயிலைத் தடுத்தவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். வலை போர்த்துவது எங்கள் பரப்புக்குக் கட்டுப்படியாகாது.