அம்மாவின் நினைவுக்கல்: சிற்பியிடம் என்ன கேட்பது?

கேள்வி: கல்லில் பெயர், பிறந்த வருடம், மறைந்த வருடம், அம்மா அடிக்கடி சொல்லும் ஒரு வரி. அவ்வளவுதான். இயந்திரம் வேண்டாம், உளியால் வெட்டத்தான் ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: கல்லை. பளிங்கு வெட்ட எளிது, ஆனால் மழையில் மெல்லக் கரைந்து எழுத்து மழுங்கும். கருங்கல் நிற்கும், உளிக்குத்தான் முரண்டு பிடிக்கும். எழுத்தை வி வடிவப் பள்ளமாக வெட்டச் சொல்லுங்கள். பெயின்ட் உதிர்ந்தாலும் நிழல் எழுத்தைக் காட்டும்.

பதில் 2: அப்பா கல்லுக்குப் பெயரை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். ஒரு புள்ளி கூடுதலாக வந்தது. விட்டுப்போன புள்ளியை வெட்டிவிடலாம், வெட்டியதை என்ன செய்வது? முகப்பையே இழைத்து மறுபடி வெட்டினார்கள். அசல் அளவில் காகிதத்தில் வரைந்து வாங்குங்கள். வீட்டில் இரண்டு பேராவது படிக்கட்டும், அப்புறம் சம்மதம் சொல்லுங்கள்.

கேட்டவர்: அம்மா பெயரில் மூன்று புள்ளி. இப்போதே எண்ணிவிட்டேன்!